மிதித்தால் நிற்க வேண்டும்

ஊட்டியிலிருந்து குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் வந்து சேரும் கார், வழியில் ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரம் இறங்கியிருக்கும். ஐந்து பேரும் பெட்டி படுக்கையும் ஏற்றிய அம்பாசடரின் எடை 1,500 கிலோ என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் ஓடும் அதே காரை 75 தடவை முழுதாக நிறுத்தினால் எவ்வளவு சூடு பிறக்குமோ, அவ்வளவு சூட்டை அந்த ஒரு இறக்கத்தில் எங்காவது கரைத்தாக வேண்டும். எஞ்சின் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். காற்றும் டயரும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மிச்சமெல்லாம் நான்கு சக்கரங்களுக்குள் இருக்கும் நான்கு இரும்புப் பிரேக் டிரம்களின் தலையில்தான் விழும்.

கணக்குப் போடாமலேயே அந்தக் காலத்து டிரைவர்களுக்கு இது தெரிந்திருந்தது. எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்பதுதான் மலைப்பாதையின் முதல் பாடம். பர்லியாறில் வண்டியை ஓரங்கட்டுவார்கள். குழந்தைகளுக்கு அது பழம் வாங்கும் இடம். டிரைவருக்கு அது பிரேக் ஆறும் இடம். ஹேண்ட் பிரேக்கை இழுக்காமல் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, வண்டியைச் சுற்றி வந்து, வீல் கப் பக்கத்தில் புறங்கையை நீட்டிச் சூடு பார்ப்பார். கருகிய லைனிங் வாடை காட்டு வாசனையோடு கலந்து வரும். சீக்கிரம் கிளம்பும் அவசரத்தில் யாராவது வாளித் தண்ணீரோடு வந்தால் தடுத்துவிடுவார். கொதிக்கும் வார்ப்பிரும்பில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும்.

டிரம் பிரேக் மோசமான பொருள் என்று நான் சொல்லமாட்டேன். சக்கரத்தோடு சுற்றும் வட்ட டிரம்முக்குள் பிறை வடிவில் இரண்டு ஷூக்கள். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து பிரேக் ஆயில் குழாய் வழியே ஓடி வந்து, வீல் சிலிண்டரின் பிஸ்டன்களைத் தள்ளும். லைனிங் பதித்த ஷூக்கள் விரிந்து டிரம்மின் உள்சுவரை உரசும். இதில் ஒரு நுட்பம் உண்டு. சுற்றும் திசையை எதிர்கொண்டு நிற்கும் ஷூவை டிரம்மே தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்ளும். டிரைவரின் கால் கொடுத்த விசையை விடக் கூடுதலான பிடிப்பு சும்மா கிடைக்கும். மிதியின் விசையைப் பெருக்கும் பூஸ்டர் என்ற ஒன்று இல்லாமலேயே அவ்வளவு கனமான வண்டியை நம் வீட்டுப் பெரியவர்கள் செருப்புக் காலால் நிறுத்தியது இந்த உபகாரத்தால்தான்.

சூடு வந்தால் கதை மாறிவிடும். டிரம் சூடேறினால் விரியும், விரிந்தால் ஷூவை விட்டு விலகும். அந்த இடைவெளியை நிரப்பப் பெடல் இன்னும் கீழே போக வேண்டும். லைனிங்கில் உள்ள பிசின் வெந்து வாயுவை விட, உராய்வும் குறைந்துபோகும். பிரேக் ஆயில் வேறு காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும் திரவம். டாட் 3 வகை புதிதாக இருக்கையில் 205 டிகிரி வரை தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அதன் வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். அதற்கு மேல் போனால் குழாய்க்குள்ளேயே ஆவி. ஆவி நசுங்கும், ஆயில் நசுங்காது. மிதித்த கால் தரை வரை போய் நிற்பதன் காரணம் இதுதான். அப்போது டிரைவர் காலைத் தூக்கித் தூக்கிப் பம்ப் அடிப்பார். பிடிப்பு திரும்பி வரும் வரை பின் சீட்டில் யாரும் பேசமாட்டார்கள்.

சமவெளியிலும் டிரம்முக்குத் தனிச் சேவகம் தேவைப்பட்டது. ஷூ தேயத் தேயப் பெடல் இறங்கும். ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கி, ஒரு கையால் அதைச் சுற்றிக்கொண்டே மறு கையால் அட்ஜஸ்டரைத் திருகி, சக்கரம் பிடித்துக்கொண்டதும் ஒரு கட்டை பின்னால் தளர்த்த வேண்டும். நான்கு சக்கரமும் ஒரே அளவில் வராவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். வீல் சிலிண்டர் கசிந்து லைனிங் ஆயிலில் ஊறினாலும் இழுக்கும். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கிய சாலையைத் தாண்டியதும் டிரம்முக்குள் புகுந்த தண்ணீர் சுலபத்தில் வெளியேறாது. இடது காலால் பிரேக்கை லேசாக அழுத்தியபடியே கொஞ்ச தூரம் ஓட்டி லைனிங்கைக் காய வைத்தால்தான் அடுத்த திருப்பத்தில் நம்பி மிதிக்கலாம்.

இந்தச் சேவகத்தைச் சுற்றிச் சென்னையில் ஒரு தொழிலே வளர்ந்தது. 1962-இல் பாடியில் பிரேக்ஸ் இந்தியா தொடங்கப்பட்டது. 1964-இல் ரானே நிறுவனத்தின் பிரேக் லைனிங் கம்பெனி வந்தது. தேய்ந்த ஷூவைக் கொடுத்தால் பழைய லைனிங்கை உடைத்துப் புதியதை ரிவெட் அடித்துத் தரும் கடைகள் ஊருக்கு ஊர் இருந்தன. பள்ளம் விழுந்த டிரம்மை லேத்தில் கடைந்து சமப்படுத்துவார்கள். இந்த வேலைகளில் கைதேர்ந்தவர்களைப் பற்றி எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. அன்றைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. டிரம்மைக் கழற்றியதும் உள்ளே படிந்திருக்கும் கரும்பொடியை வாயால் ஊதியும் ஏர் பைப் வைத்து அடித்தும்தான் எல்லோரும் சுத்தம் செய்தார்கள். அந்தத் தூசு நுரையீரலுக்கு என்ன செய்யும் என்று பட்டறைப் பையன்களுக்கு யாரும் சொல்லவில்லை. இன்றும் பழைய வண்டியின் டிரம்மைத் திறப்பவர்கள் முகமூடி போட்டு, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கட்டித்தான் எறிய வேண்டும்.

டிரம்முக்கு மாற்றான டிஸ்க் பிரேக் நேற்று வந்த புதுமை கிடையாது. இங்கிலாந்தின் பிர்மிங்காமில் ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902-இலேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். சரியான உராய்வுப் பொருள் கிடைக்காமல் அது அரை நூற்றாண்டு காத்திருந்தது. 1953-இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பொருத்திய ஜாகுவார் சி-டைப் காரை டோனி ரோல்ட்டும் டங்கன் ஹாமில்டனும் ஓட்டி ஜெயித்தார்கள். சராசரி வேகம் மணிக்கு 170 கி.மீ. நீண்ட நேர்சாலையின் முடிவில் மற்றவர்கள் பிரேக் மிதித்த இடத்தைத் தாண்டிப் போய் இவர்கள் மிதிக்க முடிந்தது. அதுவும் ராத்திரி முழுக்க, சுற்றுக்குச் சுற்று அதே பிடிப்போடு. 1955-இல் சிட்ரோயன் டி.எஸ். கார் முன் சக்கரங்களுக்கு டிஸ்க்கோடு வீதிக்கு வந்தது.

அதற்கு இரண்டு வருடம் கழித்து, 1957-இல், கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை அடியொற்றி அம்பாசடர் பிறந்தது. நான்கு சக்கரத்திலும் டிரம். வேறு கார் அதிகம் கிடைக்காத, புக் செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்கிற நாட்டில் அதை மாற்ற வேண்டிய நெருக்கடி கம்பெனிக்கு வரவே இல்லை. சாலையும் கேட்கவில்லை. எதிரே வருகிற லாரிக்கு ஒதுங்கி மண்ணில் இறங்கி ஏறும் ஒற்றைச் சாலையில் 60 கி.மீ. என்பதே நல்ல வேகம். முன்னால் போகும் வண்டியும் டிரம், பின்னால் வருவதும் டிரம். யாரும் யாரைவிடவும் சீக்கிரம் நிற்க முடியாது. அந்தச் சமநிலையில்தான் அம்பாசடர் பத்திரமான வண்டி என்ற பெயர் வாங்கியது.

கெட்டது அந்தச் சமநிலைதான். சென்னையிலிருந்து திருச்சி போகும் சாலை இன்று நான்கு வழி. உங்களுக்கு முன்னால் போகும் சின்னக் கார்கூடப் பூஸ்டர், டிஸ்க், ஏ.பி.எஸ். மூன்றோடும் ஓடுகிறது. 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கப்படும் புதுக் கார்கள் எல்லாவற்றிலும் ஏ.பி.எஸ். கட்டாயம். டோல்கேட்டுக்கு முன் அந்தக் கார் திடீரென்று நின்றால், 1970-களின் அம்பாசடரும் அதே இடைவெளிக்குள் நின்றாக வேண்டும். நீங்கள் நியாயமான தூரம் விட்டு ஓட்டினாலும், அந்த இடைவெளியைப் பார்த்த உடனே ஒரு பைக்கோ ஷேர் ஆட்டோவோ உள்ளே நுழைந்துவிடும். பழைய காரை விற்காமல், ஷெட்டில் பூட்டாமல், ஞாயிற்றுக்கிழமையாவது ஓட்ட வேண்டும் என்று நினைக்கிறவர்கள் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் போடுவதன் காரணம் இந்தச் சாலைதான்.

இதில் பரவலாக ஒரு தப்பெண்ணம் உண்டு. டிஸ்க் போட்டால் வண்டி பாதி தூரத்தில் நிற்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். நன்றாக அட்ஜஸ்ட் செய்த டிரம்மும் ஒரே ஒரு தடவை ஓங்கி மிதித்தால் சக்கரத்தைப் பூட்டிவிடும். சக்கரம் பூட்டிய பிறகு வண்டியை நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் உள்ள பிடிப்பு மட்டுமே. ஆகவே அந்த ஒற்றை நிறுத்தத்தில் நல்ல ரேடியல் டயர் தரும் லாபம் டிஸ்க் தருவதைவிட அதிகமாகவே இருக்கலாம். டிஸ்க்கின் பலன் வேறு. சைக்கிளின் ரிம்மை ரப்பர் கட்டைகள் இரண்டு பக்கமும் பிடிப்பதைப் போல, திறந்தவெளியில் சுற்றும் தட்டைக் காலிப்பர் என்ற கவ்வியில் உள்ள பேட்கள் பிடிக்கின்றன. சூட்டைக் காற்று உடனுக்குடன் கொண்டுபோகிறது. தட்டு சூட்டில் விரிந்தாலும் பேடை விட்டு விலகிப் போவதில்லை. தண்ணீர் பட்டால் சுழற்சியிலேயே தெறித்துப் போகிறது. இழுக்கும் தொல்லை குறைகிறது. பத்தாவது தடவை மிதித்தாலும் முதல் தடவை கிடைத்த பிடிப்பே கிடைக்கும். போக்குவரத்து நெரிசலில் ஓட்டுகிறவருக்கு வேண்டியது இந்த மாறாத தன்மை.

மாற்றுகிற வழி எளிதென்று தோன்றும். இசுசு எஞ்சினோடு வந்த கடைசிக் கால அம்பாசடர்களுக்குக் கம்பெனியே முன் டிஸ்க் கொடுத்தது. ஓடி ஓய்ந்து உடைக்கப்பட்ட அந்த வண்டிகளின் ஹப், டிஸ்க், காலிப்பர், ஸ்டப் ஆக்சில் எல்லாம் சென்னைப் புதுப்பேட்டை மாதிரியான பழைய உதிரிபாகச் சந்தைகளில் செட்டாகத் தேடிப் பிடிக்கலாம். அம்பாசடருக்கு 15 அங்குல வீல் என்பதால் காலிப்பர் உள்ளே முட்டும் பிரச்சினை சின்ன வீல் கார்கள் அளவுக்கு வராது. ஆனாலும் எந்த வருட வண்டிக்கு எந்த வருடச் செட் சேரும் என்று தெரிந்த மெக்கானிக் வேண்டும். போல்ட் சேரவில்லை என்று துளையைப் பெரிதாக்குகிறவர், பிராக்கெட்டை வெல்டிங் வைத்து ஒப்பேற்றுகிறவர் கையில் வண்டியைக் கொடுக்கக் கூடாது. காலிப்பரைத் தாங்குகிற இடத்தில் ஒட்டுவேலை செய்வது உயிரோடு விளையாடுவது.

சக்கரத்தோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பதில்தான் பெரும்பாலான மாற்றங்கள் கெட்டுப்போகின்றன. டிரம்முக்காகச் செய்த மாஸ்டர் சிலிண்டரின் வாயில் ஒரு சின்ன வால்வு உண்டு. மிதியை விட்ட பிறகும் குழாயில் சுமார் 10 பி.எஸ்.ஐ. அழுத்தத்தை அது பிடித்து வைக்கும். டிரம்மில் ஷூவை இழுத்துத் திருப்பும் ஸ்பிரிங் இருப்பதால் அந்த அழுத்தம் ஒன்றும் செய்யாது. வீல் சிலிண்டர் கப் வழியே காற்று புகாமல் காக்கும். காலிப்பரில் அப்படி ஸ்பிரிங் கிடையாது. அதே அழுத்தம் அங்கே பேடைத் தட்டோடு உரசியபடியே வைத்திருக்கும். ஊர் தாண்டுவதற்குள் ஹப் கொதிக்கும், பேரிங் கிரீஸ் உருகி வழியும்.

வால்வை மொத்தமாக எடுத்துவிட்டாலும் பழைய அம்பாசடரில் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. ஆரம்ப கால வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டர் டிரைவரின் காலுக்குக் கீழே, தரைக்கு அடியில் உட்கார்ந்திருக்கும். காலிப்பர் அதைவிட உயரத்தில் வந்தால், வண்டி நிற்கும் நேரத்தில் ஆயில் மெல்லப் பின்னோக்கி இறங்கிவிடும். காலையில் முதல் மிதி வெறுமையாகப் போகும். அதற்கு 2 பி.எஸ்.ஐ. அளவில் தனி வால்வு ஒன்றைக் குழாயில் சேர்க்க வேண்டும், அல்லது மாஸ்டர் சிலிண்டரையே பானெட்டுக்குள் மேலே கொண்டுவர வேண்டும். பெரும்பாலானவர்கள் இரண்டாவதைத்தான் செய்கிறார்கள், ஏனென்றால் பூஸ்டருக்கும் அங்கேதான் இடம். டிரம் தந்த அந்த இலவசப் பிடிப்பு டிஸ்க்கில் இல்லை. பூஸ்டர் வைக்காமல் டிஸ்க் மட்டும் போட்ட வண்டியில் பெடல் கல்லாக இருக்கும். பெட்ரோல் வண்டியில் பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவம் மேனிஃபோல்டிலிருந்து கிடைக்கும். டீசல் எஞ்சினில் அது கிடைக்காது. தனி வேக்குவம் பம்ப் வேண்டும். டாக்சியாக ஓடிய டீசல் அம்பாசடரை வாங்கி அழகுபடுத்துகிறவர்கள் இதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

பழைய மாஸ்டர் சிலிண்டரைப் பற்றி எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு. அதிலிருந்து நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் பாதை. எங்காவது ஒரு ஹோஸ் வெடித்தால், துருப்பிடித்த குழாய் ஒன்று ஓட்டை விழுந்தால், நான்கும் ஒரே நொடியில் போய்விடும். டேண்டம் மாஸ்டர் சிலிண்டரில் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி அறை; ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும். பணம் ஒரு வேலைக்குத்தான் இருக்கிறது என்றால் டிரம்மை அப்படியே வைத்துக்கொண்டு, டிரம்முக்கு ஏற்ற டேண்டம் சிலிண்டரை முதலில் மாற்றுங்கள் என்றுதான் சொல்வேன். டிஸ்க் அடுத்த வருடம் வரட்டும்.

எல்லாம் பொருத்திய பிறகு ஆயில் குழாய்களிலிருந்து ஏர் எடுக்கும் வேலை. நான் பார்த்த ஒரு பட்டறையில் பெரியவர் வண்டிக்கடியில் மல்லாந்து படுத்திருந்தார். பின்பக்க இடது சக்கரம், அதாவது மாஸ்டர் சிலிண்டருக்கு அதிக தூரத்தில் இருப்பது. நிப்பிளில் கண்ணாடி போன்ற டியூபைச் செருகி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலில் முக்கியிருந்தார். சீட்டில் பையன்.

"அடி தம்பி. அடி. அடி. பிடிச்சுக்கோ."

"பிடிச்சிட்டேண்ணே."

ஸ்பேனர் கால் சுற்றுத் திரும்பியது. டியூபில் பழுப்பு ஆயில் குமிழி குமிழியாக ஓடியது. பையனின் கால் மெல்லக் கீழே போனது. "நான் சொல்ற வரைக்கும் காலை எடுக்காதே." நிப்பிள் மூடியது. "இப்ப விடு." மறுபடியும் அதே வரிசை. குமிழி சிறுத்துச் சிறுத்து, கடைசியில் தேன் நிறத்தில் இடைவெளியே இல்லாமல் ஆயில் வந்தபோதுகூட அவர் எழவில்லை. டியூபை விரலால் தட்டிப் பார்த்து இன்னொரு தடவை அடிக்கச் சொன்னார். அவ்வப்போது ஆயில் டப்பாவின் மட்டத்தைப் பார்க்கவும் பையனை எழுப்பினார். அது வற்றிக் காற்று இழுத்துவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். புதுப் பேடைப் பதப்படுத்தும் வேலை அதற்குப் பிறகு. ஆளில்லாத சாலையில் 60-இலிருந்து 20 வரை வேகத்தைக் குறைத்து, நிறுத்தாமல் மறுபடி ஏற்றி, இடையில் ஆறவிட்டுப் பல தடவை செய்ய வேண்டும்.

பின் சக்கரங்களில் டிரம் அப்படியே இருக்கும். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்வதால் பெரும்பகுதி வேலை முன் சக்கரத்துக்கே. ஹேண்ட் பிரேக்கும் பின் டிரம்மை நம்பித்தான் இருக்கிறது. பின்னால் அளவுக்கு மீறிய அழுத்தம் போனால் பின் சக்கரம் முதலில் பூட்டி வண்டி சுழலும் என்பதால், அதை மட்டுப்படுத்தும் வால்வு ஒன்று தேவைப்படலாம். ஈரச் சாலையில், காலி மைதானத்தில் சோதித்துப் பார்த்த பிறகே மெக்கானிக் சாவியைக் கொடுக்க வேண்டும்.

பழமையைக் காப்பவர்கள் இதையெல்லாம் கேட்டு வருத்தப்படுகிறார்கள். போட்டிக் கண்காட்சியில் நடுவர் பானெட்டைத் திறந்தவுடன் பூஸ்டர் கண்ணில் பட்டு மதிப்பெண் குறையும் என்பது உண்மை. அவர்கள் வருத்தத்தை நான் மதிக்கிறேன். தொழிற்சாலையை விட்டு வந்த நிலையிலேயே சில வண்டிகள் மிஞ்ச வேண்டும், வருங்காலத்தில் ஒருவர் அந்த ஷூவையும் ஸ்பிரிங்கையும் நேரில் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட வண்டி லாரியில் ஏறிக் கண்காட்சிக்குப் போகட்டும். மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகிற வண்டிக்கு வேறு நியாயம். சட்டமும் இந்த விஷயத்தில் அவ்வளவு கறாராக இல்லை. 50 வயதைத் தாண்டிய வாகனங்களை விண்டேஜ் எனப் பதிவு செய்ய மத்திய அரசு 2021-இல் கொண்டுவந்த விதி, சேசிஸ், பாடி, எஞ்சின் இவற்றில் செய்யும் மாற்றத்தைத்தான் பெரிய மாற்றமாகக் குறிப்பிடுகிறது. ஆனால் விண்டேஜ் பதிவு வாங்கிய வண்டியைத் தினசரி சாலையில் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுதல், பராமரிப்பு போன்ற காரணங்களுக்கு மட்டுமே வெளியே எடுக்கலாம். ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் பதிவுக்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

எதையும் அறுக்காமல், போல்ட்டால் மட்டுமே பொருத்தினால் இந்த மாற்றத்தைத் திருப்பிக்கொள்ளலாம். கழற்றிய டிரம், பேக் பிளேட், வீல் சிலிண்டர் எல்லாவற்றையும் கிரீஸ் தடவி, இடது வலது எழுதிக் கட்டி வைத்தால் அடுத்த சொந்தக்காரர் விரும்பியபடி செய்துகொள்வார். பழைய ஷூவும் வாஷர் கிட்டும் முன்போல் எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை என்பதால், தூக்கிப் போட்டால் பிறகு தேடி அலைய வேண்டியிருக்கும்.

இப்போது பொருத்துகிற டிஸ்க் செட்டுக்கும் அதே நிலை வரத்தான் போகிறது. 2014 மே மாதம் உத்தர்பாராத் தொழிற்சாலை நின்றுவிட்டது. உடைக்க வரும் இசுசு அம்பாசடர்களும் குறைந்துகொண்டே வருகின்றன. ஆகையால் வேலை நடக்கும்போதே டிஸ்க்கின் விட்டம், தடிமன், போல்ட் வட்டத்தின் அளவு, காலிப்பர் பிஸ்டனின் அளவு எல்லாவற்றையும் வெர்னியர் வைத்து அளந்து வண்டி ஃபைலில் எழுதி வையுங்கள். பேட் தீர்ந்தால் அந்த அளவைக் காட்டி வேறு காரின் பேடைத் தேட முடியும். டிஸ்க் தேய்ந்தால் ஒரு நல்ல லேத்காரர் வார்ப்பிலிருந்து புதிதாகக் கடைந்து தர முடியும். முடிந்தால் இன்னொரு ஜோடி டிஸ்க்கும் இரண்டு செட் காலிப்பர் ரப்பரும் இப்போதே வாங்கிவிடுங்கள். ரப்பரை மட்டும் வெயில் படாத இடத்தில் வையுங்கள்.